நோயைத் தடுப்பதா, நாட்டைத் தடுப்பதா?



விசா என்பது இன்று வைத்தியர், பொறியியலாளர் வீட்டுக் காரியம் மாத்திரமன்று. தோட்டக் காணியை ஈடு வைத்து மகனைக் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ படிக்க அனுப்பும் கமக்காரர் வீட்டுக் காரியமும் அதுவே. ஆதலின், கொள்ளைநோய் பரவும் வேளையில் விசா உத்தியோகத்தர் எவ்வாறு நடந்துகொண்டனர், எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பதை இவ்வவையில் ஆராய்வது பொருத்தமெனக் கருதுகின்றோம்.

தன் வாயிலைக் காப்பது ஒரு நாட்டின் உரிமை. அதனை நாம் மறுக்கவில்லை. நோய் கண்ட இடத்திலிருந்து வருபவரை விசாரிப்பதும், சோதிப்பதும், வேண்டுமாயின் சில நாட்கள் தனிப்படுத்தி வைப்பதும் நியாயமே. விசாரிக்கப்படுவது மனிதனா, அவன் கையிலுள்ள கடவுச்சீட்டா என்பதே எமது கேள்வி.

2014 ஆம் ஆண்டு மேற்கு ஆபிரிக்காவிலே கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் எபோலா நோய் பெருகிற்று. அது தணிந்தபோது 11,300 இற்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். கொடிய நோய்தான், ஐயமில்லை. ஆனால் அதன் இயல்பு அறியப்பட்டிருந்தது. தொற்றியவரிடம் அது 21 நாட்களுக்குள் வெளிப்படும்; அறிகுறி தோன்றுமுன் அவரிடமிருந்து பிறருக்குப் பரவாது. இதனை அறிந்தே உலக சுகாதார ஸ்தாபனம் அவ்வாண்டு ஆகஸ்ட் 8 ஆம் திகதி அவசர நிலையைப் பிரகடனம் செய்தபோது, பொதுவான பயணத் தடை கூடாதென்றும், நோயாளரும் அவரோடு நெருங்கிப் பழகியோரும் மாத்திரமே பயணஞ் செய்யாது தடுக்கப்படல் வேண்டுமென்றும் கூறிற்று.

நடந்தது யாது? ஒக்டோபர் இறுதியில் அவுஸ்திரேலியா அந்நாடுகளிலிருந்து வரும் விசா விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தது. அகதிகளுக்கான மனிதாபிமானத் திட்டத்தையும் அந்நாடுகளைப் பொறுத்தமட்டில் நிறுத்தியது. சில தினங்களுள் கனடாவும் அவ்வழியே சென்றது. இரு நாடுகளிலும் அதுவரை ஓர் எபோலா நோயாளிதானும் காணப்படவில்லை என்பதைக் கவனிக்குக. கனடா விதித்த அளவுகோல் யாதெனின், விண்ணப்பத்துக்கு முந்திய 3 மாதங்களுள் அந்நாடுகளில் இருந்தவர் எவரும் தகுதியற்றவர் என்பதாம். 21 நாளில் தெளிவாகும் நோய்க்கு 3 மாத விலக்கு! தலைநகரில் வசித்த ஆசிரியரும் நோயாளியைச் சுமந்தவரும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டனர்.

அதே ஊரிலிருந்து திரும்பிய கனடாப் பிரசைக்கோ கண்காணிப்பே போதுமெனக் கொள்ளப்பட்டது. பிரசைக்குத் தன் நாடு திரும்பும் உரிமை உண்டென்பது சட்டம், அறிவோம். ஆயினும் கண்காணிப்பு ஒருவரிடத்தில் நோயைத் தடுக்குமாயின் மற்றவரிடத்தில் ஏன் தடுக்காது? பிரசாவுரிமைச் சட்டத்தின் வல்லமையை மலையகத் தமிழர் 1948 ஆம் ஆண்டிலேயே அறிந்துகொண்டனர். கிருமி இன்னும் அறியவில்லை.

இதிலே சட்டம் யாது கூறுகின்றது? 2005 ஆம் ஆண்டின் சர்வதேசச் சுகாதார ஒழுங்குவிதிகள் இந்நாடுகளையெல்லாம் கட்டுப்படுத்துவன. அவற்றின் 43 ஆம் உறுப்புரைப்படி, ஸ்தாபனத்தின் ஆலோசனைக்கு மேற்பட்ட தடையை ஒரு நாடு விதிப்பதாயின் அது விஞ்ஞானச் சான்றின்மேல் நிற்றல் வேண்டும். பயணிகளை நுழையவொட்டாது மறுப்பதாயின், 48 மணி நேரத்துள் காரணத்தை ஸ்தாபனத்துக்கு அறிவித்தல் வேண்டும். 3 மாதத்துள் அத்தடையை மீளாய்வு செய்தலும் வேண்டும். 42 ஆம் உறுப்புரை பாரபட்சமின்மையைக் கட்டளையிடுகின்றது. நல்ல சட்டம். மீறுவோரைத் தண்டிக்கும் மன்றுதான் இல்லை. பல் இல்லாத சட்டம் எத்தகையது என்பதை இந்நாட்டில் வாழும் எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கதவை மூடுவதன்றி வேறு வழியில்லையே என்பர் சிலர். நைஜீரியாவைப் பாருங்கள். 2014 ஜூலையில் லைபீரியாவிலிருந்து விமானத்தில் வந்த ஒருவர் மூலம் எபோலா லாகோஸ் மாநகருள் புகுந்தது. அவரோடும் பின் நோயுற்றோரோடும் பழகிய ஏறக்குறைய 900 பேரை வீடு வீடாகத் தேடிக் கண்காணித்தனர். 20 பேரோடு நோய் நின்றது, எண்மர் மாண்டனர். ஒக்டோபர் 20 ஆம் திகதி அந்நாடு நோயற்றதெனப் பிரகடனம் செய்யப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவும், தன் மண்ணில் நோயாளியைக் கண்டிருந்தும், விசாவை ஒட்டுமொத்தமாக நிறுத்தவில்லை. அந்நாடுகளிலிருந்து வருவோரை ஐந்து விமான நிலையங்கள் வழியே வரச்செய்து 21 நாட்கள் கண்காணித்தது.

மூடிய கதவு திறக்க மறுப்பதும் உண்டு. அதே அமெரிக்கா 1987 ஆம் ஆண்டு எச்.ஐ.வி. தொற்றியோரை உள்ளே விடுவதில்லை எனத் தடை விதித்தது. பயணிகளின் மூச்சாலோ கைகுலுக்கலாலோ பரவாத நோய் அது. அத்தடை நீங்க 2010 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. அச்சத்தில் விதித்ததை அச்சம் தணிந்த பின் நீக்க எந்த உத்தியோகத்தரும் முந்துவதில்லை. நீக்கினால் பழி வரும், வைத்திருந்தால் எவரும் கேளார்.

இன்னொரு கேடும் உண்டு, இதுவே பெரிதென்போம். 2021 நவம்பரில் தென்னாபிரிக்க விஞ்ஞானிகள் கொரோனாவின் ஒமிக்ரோன் வகையைக் கண்டறிந்து உடனே உலகுக்கு அறிவித்தனர். கைம்மாறாகக் கிடைத்தது தெற்கு ஆபிரிக்க நாடுகள் மீது பயணத் தடை. அவ்வறிவிப்புக்கு முன்னரே எடுக்கப்பட்ட மாதிரிகளில் அவ்வகை நெதர்லாந்திலும் இருந்தமை பின்னர் தெரியவந்தது. உண்மை கூறியவனைத் தண்டித்தால் அடுத்தவன் வாய் திறப்பானா? தனி மனிதனிடத்தும் இதே விளைவுதான். உண்மை எழுதினால் மறுப்பு நிச்சயமெனில், படிவத்தில் சென்ற ஊரை மறைப்பான். அவனைத் தேடிக் கண்காணிக்கும் வழியும் அப்போதே அற்றுப்போகும்.

பிறரைக் கூறிவிட்டு எம் நாட்டைக் கூறாதிருத்தல் நேர்மையன்று. 2020 ஜனவரி இறுதியில் இலங்கை சீனப் பிரசைகளுக்கு வந்திறங்கியதும் வழங்கும் விசாவை நிறுத்தியது. நோய் கண்ட வூஹான் நகரில் தங்கியிருந்த வேற்று நாட்டவரை அக்கட்டளை தொடவில்லை. பல்லாண்டு வேறெங்கோ வாழ்ந்த சீனரைத் தொட்டது. முற்காலத்திலோ, தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரை இந்தியக் கரையிலே மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதித்தது இலங்கை அரசாங்கம். பிற்காலத்தில் போருக்குத் தப்பிய இலங்கைத் தமிழர் அகதிகளாய்ச் சென்று தங்கியதும் அதே மண்டபத்தில்.

ஆகவே நாம் கேட்பது இதுவே. விண்ணப்பதாரி எந்நாட்டவர் என்பதை விட்டு, எங்கிருந்தார், எப்போது இருந்தார், எவரோடு பழகினார் என்பதைக் கேட்டுத் தீர்மானிக்கட்டும். மறுப்பின் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். நோயின் காரணமாக நிறுத்தப்படும் விண்ணப்பத்தின் கட்டணம் திருப்பித் தரப்படட்டும். விண்ணப்பதாரி செய்த குற்றம் ஏதுமில்லையே. இலங்கை அரசாங்கம் இத்தகைய தடை விதிக்கும்போது அதன் காரணத்தையும் முடிவு நாளையும் வர்த்தமானியில் மும்மொழியிலும் வெளியிடல் வேண்டும். இவற்றை மனுவாக வரைந்து வெளிவிவகார அமைச்சுக்கும் கொழும்பிலுள்ள தூதரகங்களுக்கும் அனுப்ப எண்ணியுள்ளோம். கொரோனாக் காலத்தில் விண்ணப்பம் நிறுத்தப்பட்டோர் எவரும் இவ்வவையில் இருப்பின், தம் கடிதங்களின் பிரதியைக் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் தருக. மனுவோடு அவற்றையும் இணைத்தல் வேண்டும்.