பெட்டியிலிருந்து மென்பொருளுக்கு

முன்பெல்லாம் ஒரு தொலைபேசி நிறுவனம் புதிய சேவை தொடங்க வேண்டுமென்றால், அதற்கென்றே தனிக் கருவி வாங்கி, அறையில் பொருத்தி, கேபிள் இழுக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். 2012-இல் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன: அந்தக் கருவிகள் செய்யும் வேலைகளையெல்லாம் சாதாரண சர்வரில் ஓடும் மென்பொருளாக மாற்றிவிடலாம் என்று.

ஜப்பானின் ராகுடென் மொபைல் அதைச் செய்தே காட்டியது. 2020 ஏப்ரலில் முழு அளவில் சேவை தொடங்கிய அந்த நிறுவனத்தில் அழைப்பை இணைப்பது, டேட்டாவை அனுப்புவது எல்லாமே மென்பொருள்தான். கூட்டம் பெருகினால் புதுப் பெட்டி வேண்டாம். சர்வரில் அதே மென்பொருளின் இன்னொரு பிரதியை ஓடவிட்டால் போதும். கோபுரமும் ஆன்டெனாவும் மட்டும் பழையபடி வன்பொருள்தான்.

எனக்குப் பெரிய வியப்பு அதற்கு அடுத்த கட்டம். தனக்காக உருவாக்கிய நெட்வொர்க் மென்பொருளையே ராகுடென் குழுமம் ஜெர்மனியின் 1&1 தொலைபேசி நிறுவனத்துக்கும் கொடுத்தது. சிம் கார்டு விற்றவர்கள் மென்பொருள் வியாபாரிகளாகவும் ஆகிவிட்டார்கள்.