போகச் சொன்னார்கள், எங்கே போவது?

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளே! கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்த மலை ஒருநாள் சரியும் என்பது தெரியாமல் நடந்த கதையல்ல. இங்கே குடியிருப்பது ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பிணங்களைத் தோண்டி எடுத்து முடிப்பதற்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது: “அப்பவே போகச் சொன்னோம், இவர்கள் கேட்கவில்லை.” போகச் சொன்னவர்கள் எங்கே போவதென்று சொன்னார்களா? லயம் தோட்டத்துக்குச் சொந்தம், நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தம், குத்தகை கம்பனிக்கு. தோட்டத்தை விட்டால் செக்ரோல் என்ற வேலைப் பதிவில் பேரும் போகும், தலைக்கு மேல் தகரமும் போகும். தப்பியவர்கள் மாகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் அடைந்து கிடந்து, 2016இல்தான் புதுவீட்டுக்குள் கால் வைத்தார்கள். அந்த நிலத்தை முதல் எச்சரிக்கையோடு சேர்த்தே கொடுத்திருக்கலாம். இதை இன்றைக்கு ஏன் சொல்கிறேன் என்றால், பரீட்சை முடித்த பிள்ளைகளிடமும் நாம் அதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மலை சரிந்த அன்று காலை பள்ளிக்கூடம் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் உண்டு. அவர்களில் தரம் ஒன்றில் இருந்தவர்கள் 2024இல் தரம் 11க்கு வந்துவிட்டார்கள். அதோடு சட்டம் கையை விடுகிறது. இந்த நாட்டில் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்கு எடுக்கக்கூடிய குறைந்த வயதும் பதினாறு. அதாவது அரசாங்கத்தின் கடமை முடிகிற அதே நாளில் கொழும்புக் கடை முதலாளியின் உரிமை தொடங்குகிறது. மேலே படிக்கட்டுமே என்பீர்கள். எதைப் படிப்பது? நாட்டில் ஏறத்தாழ பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடத்தும் 1ஏபி பாடசாலைகள் ஏறத்தாழ ஆயிரம்தான். 1சி பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலையும் வர்த்தகமும் மட்டும். அதற்குக் கீழே உள்ளவற்றில் உயர்தரமே கிடையாது. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை இந்தக் கீழ்த்தட்டில்தான் இருக்கின்றன. தமிழில் விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் கொஸ்லந்தைப் பக்கத்துப் பிள்ளை பெரகலைச் சந்தி ஏறி ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளை என்று நகரத்தைத் தேட வேண்டும். விடிகாலை பஸ், மழைக்காலப் பாதை, பஸ் காசு, டியூஷன் காசு, தங்கிப் படித்தால் போர்டிங் காசு. இத்தனையையும் தாண்டாத பிள்ளையைப் பார்த்து, படிப்பில் ஆசையில்லை என்று எழுதிவிடுகிறோம்.

மாவட்டக் கோட்டா இருக்கிறதே என்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பதினாறில் ஒன்று. இம்மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் மலையகத் தமிழர். நமது தலைகளையும் எண்ணித்தான் பதுளைக்கு இத்தனை இடம் என்று ஒதுக்குகிறார்கள். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் ஒதுக்கிய இடங்களுக்குப் போட்டியிட விஞ்ஞான வகுப்பு வேண்டும்; அது நம்மிடம் இல்லை. தலை நம்முடையது, கதிரை நகரத்துப் பாடசாலைக்கு. கோட்டாவை நான் குறை சொல்லவில்லை, அது இருக்கத்தான் வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத இடத்தில் அதனால் பயனில்லை என்கிறேன். 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு உருவானது. நுழைய விஞ்ஞானப் பாடங்களில் உயர்தரச் சித்தி வேண்டும். நான்கைந்து தலைமுறையாகத் தேயிலையில் கை கறுத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தேயிலைப் படிப்பின் வாசலே எட்டாது.

ஆசிரியர்கள் இந்த மலைக்கு வரமாட்டார்கள் என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். 2014, 2015 காலத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் கேட்டபோது உயர்தரம் முடித்த நம் பிள்ளைகள் மூவாயிரம் பேருக்கு மேல் வேலைக்குப் போனார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். அந்தக் காசுக்கு மலை ஏறியவர்களைப் பெற்ற சமூகத்திடம் ஆள் இல்லை என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்றால் அது உண்மை. விஞ்ஞானமே படிப்பிக்காத இடத்தில் விஞ்ஞான ஆசிரியர் எங்கிருந்து முளைப்பார்? அந்த வட்டத்தை அறுக்கும் பொறுப்பு பாடசாலை திறக்கிறவர்களுடையது. இன்னொரு கூட்டம் வருகிறது: பரீட்சை முடிந்ததும் ஒலிபெருக்கியோடு வந்து தன்னம்பிக்கைக் கருத்தரங்கு நடத்துகிற கூட்டம். பேனர் வரும், பேச்சாளர் வருவார், பௌதிகவியல் வாத்தியார் மட்டும் வரமாட்டார்.

இனித் தாய்மாரின் கேள்வி: படிக்க வைக்கக் காசு எங்கே? இதற்கு மேடையில் நின்று இலேசாகப் பதில் சொல்லிவிட முடியாது. 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தச் சம்பளத்தில், அரைநாள் பதிவான அரைப்பேர் விழாமல் மாதத்தில் 25 நாளும் முழுப்பேர் விழுந்தால் 33,750. அதில் சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் கைக்கு 31,050. அரிசி, மருந்து, கடைக் கடன் போக, இரண்டு வருஷம் உயர்தரம் படிக்கும் பிள்ளையின் செலவை இதில் எந்தப் பக்கம் வைப்பது? கடைக்கு அனுப்பும் தாயை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவளுக்கு வேறு கணக்கைக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்: தங்கிப் படிக்கும் விடுதி, இலவசப் பஸ் பருவச்சீட்டு, உயர்தரம் வேண்டாம் என்கிற பிள்ளைக்குத் தமிழிலேயே என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமையின் நான்காம் மட்டம் வரை தொழிற்பயிற்சி. மின்சார வேலையோ குழாய் வேலையோ சிங்களத்தில் மட்டும் சொல்லிக் கொடுத்தால் நம் பையன் சான்றிதழ் இல்லாத கையாளாகவே இருப்பான். கையாளுக்குக் கையாள் கூலிதான். எல்லாரும் படித்துப் போனால் கொழுந்து யார் பறிப்பது என்று கேட்கும் துரைமார் ஒன்றைப் பார்க்கட்டும். படிக்காத பிள்ளைகளும் மலையில் நிற்கவில்லை. பதினாறு முடிந்ததும் கொழும்புப் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். படிப்பைக் கொடுக்காமல் விட்டதால் தோட்டத்துக்கு ஓர் ஆள்கூட மிஞ்சவில்லை.

யாரிடம் கேட்பது? நமது பாடசாலைகளில் பெரும்பாலானவை ஊவா மாகாணத்தின் பொறுப்பு. மாகாண சபைக்குக் கடைசியாக வாக்குப் போட்டது 2014 செப்டம்பரில், மண் சரிவதற்கு ஒரு மாதத்துக்குச் சற்று முன்பு. அந்தச் சபை 2019இல் காலாவதியானது. அதன் பின் மாகாண நிர்வாகம் ஆளுநரின் கையில். ஆகவே நாம் வாக்குக் கேட்டு வருகிறவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது இது: ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் விடுதியோடு தமிழில் ஒரு 1ஏபி பாடசாலை, ஆய்வுகூடமும் மூன்று விஞ்ஞான ஆசிரியர்களும் முதலில், பெயர்ப்பலகை பிறகு. கூடவே ஒரு தமிழ்மொழித் தொழிற்பயிற்சி நிலையம். மனு எழுதி இந்த மேசையில் வைத்திருக்கிறோம். ஆளுநருக்கு ஒன்று, மாகாணக் கல்விச் செயலாளருக்கு ஒன்று, பெருந்தோட்ட அமைச்சுக்கு ஒன்று. பதில் தர வேண்டிய திகதியையும் அதில் எழுதியிருக்கிறோம். பரீட்சை எழுதிய பிள்ளைகள் முதலில் வந்து கையெழுத்துப் போடுங்கள், பெற்றோர் பின்னால் வாருங்கள்.