விட்ட குறை தொட்ட குறை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கணினி நிரலாக்கம் கற்று, இடையில் அதனை விட்டு வேறு தொழிலுக்குப் போனவர்கள் நம்மிடையே உளர். குடும்பச் சுமையால் கொழும்புக் கடைக்குச் சென்றவர் சிலர். ஆசிரியப் பணி ஏற்றவர் சிலர். குழந்தை வளர்க்க வீட்டோடு நின்ற சகோதரிகள் சிலர். இவர்கள் மீண்டும் அத்தொழிலை நாடினால், "வயது போனபின் என்ன படிப்பு?" என்று கேட்டுவிடுகிறோம். இக்கேள்வி நியாயந்தானா?

இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டில் ஸ்டெபனி ஷர்லி என்னும் அம்மையார் ஒரு நிரலாக்க நிறுவனம் தொடங்கினார். 1939இல் குழந்தையாக, அகதியாக அந்நாடு சேர்ந்தவர் அவர். திருமணத்தாலும் மகப்பேற்றாலும் தொழிலை விட்ட பெண்களுக்கே அவர் பெரும்பாலும் வேலை கொடுத்தார். அவர்கள் வீட்டிலிருந்தபடி தாளில் நிரல் எழுதினார்கள். கன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் அந்நிறுவனத்தார் செய்ததேயாம்.

நமது தேயிலைச் செடியைப் பாருங்கள். கவ்வாத்து வெட்டியபின் குச்சியாய் நிற்கும் செடி மீண்டும் கொழுந்து விடுவது, வேரில் சேர்ந்த மாப்பொருளின் பலத்தினால். ஆதலால் வெட்டுமுன் வேரில் அயடீன் இட்டு அதைச் சோதிப்பதுண்டு. திரும்ப விரும்புவோரும் முதலில் தம் வேரைச் சோதிக்கட்டும்.

அந்த வேர் எது? கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், நிறைந்தால் முழுப்பேர். இது நிரலாக்கத்தில் 'தெரிவு'. நாள்தோறும் அக்கணக்கையே திரும்பத் திரும்பச் செய்து மாத முடிவில் கூட்டுவது 'மீள்செயல்'. இவ்விரண்டும் அன்றும் இன்றும் ஒன்றே. 1970களில் தோன்றிய எஸ்.கியூ.எல். மொழியே இன்றும் தரவுத்தளங்களில் வழங்குகிறது. மாறியவை கருவிகள், அவற்றைப் பழகிக்கொள்ளலாம்.

இன்று செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அரைப்பேரைத் தவறாக எண்ணும் நிரல், ஓர் ஏழைத் தாயின் சம்பளத்தைக் குறைத்துவிடும். அப்பிழையைக் கண்டுபிடிக்க, கணக்கும் தோட்டமும் அறிந்த ஒருவர் வேண்டும். வேறு தொழிலில் கழிந்த ஆண்டுகள் வீண் அல்ல என்பதற்கு இதுவே சான்று.

வழியும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வேலை பார்த்துக்கொண்டே அதனைப் படிக்கலாம். பரீட்சை ஆங்கிலத்தில் என்பதால் அம்மொழியையும் உடன் பயில வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் கட்டணமின்றியே நிரலாக்கம் கற்பிக்கிறது.

வேலை உறுதியென்று நாம் ஆசை காட்டவில்லை. கையிலுள்ள உத்தியோகத்தை உடனே உதறவும் வேண்டாம். முதலில் பயனுள்ள சிறு நிரல் ஒன்றைச் செய்து முடியுங்கள். நமது மன்றத்தின் சந்தாக் கணக்கே போதும்! செய்து காட்டிய வேலை, சான்றிதழுக்குத் துணை நின்று பேசும்.

பெரியோர்களே! லயத்துச் சிறு அறையில் மாலைக்கு ஒரு மணி நேர அமைதி கிடைப்பது அரிது. மருமகள் படித்தாலும் மகன் படித்தாலும் அந்த ஒரு மணி நேரத்தை நாம் கொடுப்போம். வானொலியைச் சற்றே தணித்து வைப்போம். விட்ட குறை தொட்ட குறை என்பார்கள். விட்டதைத் தொடுவது அவர்கள் முயற்சி. தொட்டதை மீண்டும் விடாமல் காப்பது நம் கடமை.