அமைதிப்படை ஏன் போனது, என்ன செய்தது? நாடாளுமன்றத்தில் பதில் சொல்லுங்கள்!

(மாவட்டக் கலந்தாய்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னைக்கு ஒரே ஒரு விசயம்தான் பேசப்போறேன். ஒரு அரசாங்கம் நம்ம பேர்ல, நம்ம வரிப்பணத்துல, இன்னொரு நாட்டுக்குப் படை அனுப்புது. அங்க என்ன நடந்துச்சுன்னு நமக்குச் சொல்லணுமா, வேண்டாமா?

1987 சூலை 29. கொழும்புல ராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. மறுநாளே இந்தியப் படை ஈழ மண்ணுல இறங்குச்சு. பேரு என்ன? அமைதி காக்கும் படை. யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றாங்க. ஆனா அக்டோபர்ல அதே படை அதே ஊருக்குள்ள போர் நடத்துச்சு. காவலுக்கு வந்தவன் கையில இருந்த துப்பாக்கி மூணே மாசத்துல திரும்புச்சு. திருப்பச் சொன்னது யாரு?

அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள்ள படை நுழைஞ்சது. மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள், படுக்கையில கிடந்த நோயாளிகள்னு 60 பேருக்கு மேல செத்தாங்க. உள்ளே இருந்து சுட்டாங்கன்னு படைத்தரப்பு சொல்லுச்சு. உயிர் தப்பினவங்க இல்லைன்னு சொன்னாங்க. எது உண்மை? 1989 ஆகஸ்ட் 2, வல்வெட்டித்துறை. 50-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டாங்க. அதுக்கு யார் பொறுப்பு?

நாம சிப்பாய்க்கு எதிரானவங்க இல்ல. அவனும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். கிட்டத்தட்ட 1,200 இந்திய வீரர்கள் அங்க செத்திருக்காங்க. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துல ராத்திரியில ஹெலிகாப்டர்ல இறக்கிவிடப்பட்ட 30 சீக்கிய வீரர்கள்ல 29 பேர் திரும்பி வரல. தமிழரான மேஜர் ராமசாமி பரமேசுவரன் அந்த மண்ணுலதான் உயிர விட்டார். பரம்வீர் சக்ரா கொடுத்தாங்க. கொழும்புக்குப் பக்கத்துல பத்தரமுல்லையில நினைவிடம் இருக்கு. 2015-ல பிரதமர் மோடி அங்க போய் அஞ்சலி செலுத்தினார். மலர்வளையம் வைக்கிறீங்க, சரி. அவங்க எதுக்காகச் செத்தாங்கன்னு அவங்க வீட்டுக்குச் சொன்னீங்களா?

"முடிஞ்சுபோன கதை, பழைய புண்ணை ஏன் கிளறுறீங்க"ன்னு கேப்பாங்க. புண்ணு ஆறலைங்க, துணி போட்டு மூடித்தான் வச்சிருக்கு.

மத்த நாட்டைப் பாருங்க. ஈராக் போரைப் பத்தி விசாரிக்க பிரிட்டன் சில்காட் குழுவை அமைச்சுது. முன்னாள் பிரதமர் டோனி பிளேரையே உட்கார வச்சுக் கேள்வி கேட்டாங்க. 2016-ல 12 தொகுதி அறிக்கை வெளிவந்துச்சு. போஸ்னியாவுல ஸ்ரெப்ரெனிட்சா மக்களைக் காக்கப் போன நெதர்லாந்துப் படை காக்கத் தவறுச்சு. 2002-ல ஆய்வறிக்கை வந்ததும் அந்த நாட்டு அமைச்சரவையே பதவி விலகுச்சு. ஜெர்மனியில நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாம படை வெளிநாட்டுப் போருக்குப் போக முடியாது. நம்ம நாட்டுல அப்படி ஒரு கட்டாயமே இல்லை. முன்னாடி கேக்கலைன்னா, பின்னாடியாவது பதில் வேணுமா இல்லையா?

"நாட்டுப் பாதுகாப்பு, ரகசியம்"னு சொல்லவும் முடியாது. 2021 ஜூன்ல பாதுகாப்பு அமைச்சகமே ஒரு கொள்கை அறிவிச்சுது: போர், படை நடவடிக்கை ஆவணங்களைப் பொதுவா 25 ஆண்டுக்குள்ள ரகசியப் பட்டியல்ல இருந்து விடுவிக்கணும். கடைசிப் படை திருகோணமலையை விட்டுக் கிளம்பினது 1990 மார்ச் 24. கணக்குப் போட்டுப் பாருங்க. 2015-லேயே கெடு முடிஞ்சுபோச்சு!

தமிழ்நாட்டுல இருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர் போறாங்க. எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, அவங்க முன்னாடி நாலு கேள்வி வைக்கிறோம்.

1. அமைதி காக்கப் போன படையைப் போர் நடத்தச் சொல்லி எந்த நாளில், யார் முடிவெடுத்தது?

2. யாழ் மருத்துவமனை, வல்வெட்டித்துறைக் கொலைகள் பற்றி இராணுவம் விசாரித்ததா? விசாரித்திருந்தால் அந்த அறிக்கையை அவையில் வையுங்கள்.

3. பல்கலைக்கழக வளாகத்தில் வீரர்களை எந்தத் தகவலை நம்பி இறக்கினீர்கள்?

4. 25 ஆண்டுக் கொள்கைப்படி அமைதிப்படை ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்ததா? இல்லையென்றால் எப்போது?

இதை நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக் கேளுங்க. அப்பத்தான் அமைச்சர் எழுந்து நின்னு வாயால பதில் சொல்லணும், துணைக் கேள்வியும் போடலாம். 15 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுத்தாப் போதும். அன்னைக்கு ஆட்சியில இருந்த காங்கிரசும் பதில் சொல்லணும். இன்னைக்குக் கோப்பைப் பூட்டி வச்சிருக்கிறவங்களும் பதில் சொல்லணும். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப்பொறுப்புன்னு அரசியல் சட்டத்தின் 75-ஆவது பிரிவு சொல்லுது. அது வெறும் எழுத்தா?

உறவுகளே, கைதட்டிட்டுக் கலைஞ்சு போயிடாதீங்க. உங்க தொகுதி எம்.பி. யாருன்னு உங்களுக்குத் தெரியும். இந்த நாலு கேள்வியையும் ஒரு தாள்ல எழுதி, உங்க பேர், ஊர் போட்டு, அவர் அலுவலகத்துல நேர்ல கொடுங்க. பெற்றுக்கொண்டதுக்குக் கையெழுத்து வாங்குங்க. மரியாதையாப் பேசுங்க, ஆனா பதில் வாங்காம விடாதீங்க. ஓட்டுக் கேட்டு நம்ம வாசலுக்கு வந்தவர்தானே, கேள்வி கேட்டு அவர் வாசலுக்கு நாம போறதுல என்ன தப்பு?

செத்துப்போனவங்க கேக்க முடியாது. இருக்கிற நாமதான் கேக்கணும்.



(கடிதம் கொடுத்ததும் ஒப்புகைப் படத்தைக் கருத்துப் பகுதியில் பதிவிடுங்கள். பகிருங்கள்.)