எண்ணெய் பெற்ற இரு நாடுகள்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



ஒரே நாளில் பிறக்கும் இரு குழந்தைகளை உங்கள் மனக்கண்முன் நிறுத்த விரும்புகிறேன். ஒன்று நோர்வேயிற் பிறக்கிறது. மற்றது தென் சூடானிற் பிறக்கிறது. ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டம் 2025 இல் வெளியிட்ட மனித அபிவிருத்தி அறிக்கை 193 நாடுகளை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் ஐஸ்லாந்துக்கு அடுத்த இடத்தில் நிற்பது நோர்வே. கடைசியில், 193 ஆவதாக நிற்பது தென் சூடான். முதற் குழந்தை ஏறக்குறைய 83 ஆண்டுகள் வாழும் என எதிர்பார்க்கலாம். இரண்டாவது குழந்தைக்கு 58 ஆண்டுகள்தானும் இல்லை. ஐந்து வயது நிரம்புமுன் இறக்கும் குழந்தைகள் நோர்வேயில் ஆயிரத்துக்கு இருவர் அளவினர். தென் சூடானிலோ ஏறக்குறைய நூறு பேர்.

இவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது? இதுவே என் பேச்சின் பொருள்.

நான் மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில், அங்கிருந்த ஒரு பழைய புவியியல் நூலில், குளிர்நாட்டார் இயல்பாகவே உழைப்பாளிகள், வெப்பநாட்டார் சோம்பலுடையோர் என்ற கருத்தைக் கண்டேன். அன்று அதனை நம்பினேன் என்பதைச் சொல்ல இன்று வெட்கமாயிருக்கிறது. 1825 க்குப் பின் ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தில் எட்டு இலட்சம் நோர்வேயர் வறுமை தாங்காது கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயினர். அன்றும் அதே குளிர்தான், அதே மலைதான், அதே மக்கள்தான். 1940 முதல் 1945 வரை அந்நாடு ஜெர்மானியர் பிடியிற் கிடந்தது. பின்வாங்கிய படைகள் வடக்கே ஊர் ஊராகத் தீயிட்டுச் சென்றன. ஆதலால் சீதோஷ்ணம் ஒரு நாட்டின் தலைவிதியை எழுதிவிடும் என்பது பொருந்தாது.

அப்படியாயின் எண்ணெய் அன்றோ காரணம் என்பீர்கள். 1969 இன் இறுதியில் வடகடலில் எக்கோபிஸ்க் என்னுமிடத்திற் பெரும் எண்ணெய் ஊற்று அகப்பட்டது உண்மையே. ஆனால் தென் சூடானும் எண்ணெய் நாடே. 2011 ஜூலை 9 ஆம் நாள் அது சுதந்திரம் பெற்றபோது பழைய சூடானின் எண்ணெயில் முக்காற் பங்கு அதன் கைக்கு வந்தது. நைல் நதி பாய்கிறது. மேய்ச்சல் நிலம் பரந்து கிடக்கிறது. அப்படியிருந்தும் 2017 பெப்ரவரியில் அந்நாட்டின் ஒரு பகுதியிற் பஞ்சம் பிரகடனம் செய்யப்பட்டது. அப்பகுதி எது தெரியுமா? எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த யூனிற்றி மாநிலமே அது. காலுக்குக் கீழே செல்வம்; கண்ணுக்கு முன்னே பட்டினி!

நோர்வே செய்தது என்ன? இங்கே ஒரு சுவையான செய்தியைக் கூறவேண்டும். 1968 இல் ஈராக்கின் பஸ்ரா நகரைச் சேர்ந்த பாறூக் அல் காசிம் என்னும் புவிச்சரிதவியல் அறிஞர், நோயுற்ற தம் மகனின் சிகிச்சைக்காக, தம் மனைவியின் நாடாகிய நோர்வேக்கு வந்தார். வேலை தேடிக் கைத்தொழில் அமைச்சின் வாசலை மிதித்தார். அங்கோ எண்ணெயை நன்கறிந்த உத்தியோகத்தர் மிகச் சிலரே. வந்தவரை அந்நியர் என்று தள்ளாது வேலைக்கு அமர்த்தினார்கள். அந்நாட்டின் எண்ணெய்க் கொள்கையை வகுத்தோரில் முதன்மையானவர்களுள் ஒருவராக அவர் விளங்கினார். எண்ணெய் நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியது. வியாபாரம் செய்வோர் வேறு, மேற்பார்வை செய்வோர் வேறு என்ற முறை நிலைநாட்டப்பட்டது. 1990 இல் சேமிப்பு நிதிக்குச் சட்டம் இயற்றி, 1996 இல் முதற்பணம் இட்டனர். முதலிற் கைவைக்காது, அது தரும் வருவாயின் அளவிலேயே செலவு செய்வது என்ற விதியை 2001 இல் வகுத்தனர். 2024 முடிவில் அந்நிதி ஏறத்தாழ 20 இலட்சம் கோடி குரோனராக வளர்ந்திருந்தது. இத்தனையிருந்தும் அங்கே கடையிற் பொருள் வாங்குவோர் பெரும்பாலான பொருள்களுக்கு நூற்றுக்கு 25 வீதம் வரி கொடுக்கின்றனர். வரி கொடுப்பவன் கணக்குக் கேட்கிறான். அரசாங்கமும் கணக்குக் காட்டுகிறது.

அந்தச் சட்டத்தைத் தென் சூடானும் இயற்றியிருந்தால் பிழைத்திருக்குமே என்று நீங்கள் எண்ணலாம். நண்பர்களே, அவர்கள் இயற்றினார்கள்! நோர்வேயின் ஆலோசனையும் அவர்களுக்குக் கிடைத்தது. எதிர்காலச் சந்ததியாருக்கென ஒரு நிதியை வைக்கவேண்டும் என்று 2013 ஆம் ஆண்டின் எண்ணெய் வருமானச் சட்டம் விதிக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதியின் பக்கத்தாரும் முன்னாள் உபஜனாதிபதியின் பக்கத்தாரும் துப்பாக்கி தூக்கினார்கள். அடுத்த ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய நான்கு இலட்சம் உயிர்கள் போரினால் மாண்டன என ஓர் ஆய்வு கணித்தது. அதற்கு முன்னரே, 2012 இல், காணாமற்போன 400 கோடி டொலரைத் திருப்பித் தருமாறு ஜனாதிபதியே தம் உத்தியோகத்தர், முன்னாள் உத்தியோகத்தர் 75 பேருக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. 2024 இல் செங்கடலுக்குச் செல்லும் எண்ணெய்க் குழாய் அயல்நாட்டுப் போரினால் உடைந்தது. அரச ஊழியரோ அதற்கு முன்பிருந்தே மாதக்கணக்காய்ச் சம்பளமின்றித் தவித்திருந்தனர்.

இதைக் கொண்டு அம்மக்களைத் தாழ்வாக எண்ணுதல் பெரும் பிழை. நோர்வேயில் 1739 இலேயே பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்ற கட்டளை பிறந்தது; 1814 இல் அரசியலமைப்பு எழுதப்பட்டது. எண்ணெய் வந்தபோது அவ்வீட்டிற் கணக்கெழுதுவோரும் வழக்குத் தீர்ப்போரும் ஏற்கெனவே இருந்தனர். தென் சூடானியருக்கு அந்த அவகாசம் எவர் கொடுத்தார்? அந்நிய ஆட்சியினர் அப்பிரதேசத்தை மூடிவைத்து, கல்வியைப் பெரும்பாலும் மிஷனரிமாரிடம் விட்டுவிட்டனர். பின் 1955 முதல் 1972 வரை ஒரு போர். 1983 முதல் 2005 வரை மற்றொரு போர். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் இரண்டு தலைமுறை காட்டுக்கு ஓடியது. சட்டத்தைப் பிறநாட்டிலிருந்து பார்த்தெழுதலாம். அயலவன்மேல் உள்ள நம்பிக்கையைப் பார்த்தெழுத முடியாது. அதற்குச் சமாதானம் வேண்டும், காலம் வேண்டும்.

நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. 2009 வரை நீடித்த போர் எத்தனை வீடுகளைக் குலைத்தது என்பதை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 இல் எரிபொருளுக்காக இரவு பகலாய் வரிசையில் நின்றோம். மருந்து கிடைக்காமல் அலைந்தோம். கணக்குத் தவறினால் அத்தவறு ஈற்றில் நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்கும் என்பதை அன்று கண்டோம்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்திற் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது நம்மிற் பலர் கொட்டாவி விடுகிறோம். சிலர் தேநீர் தேடி வெளியே போகிறோம். நானும் போனவன்தான். இனிமேல் இருந்து கேட்போம். விளங்காவிட்டால் எழுந்து வினவுவோம். வினவியவனைப் பகைவன் என்று பொருளாளரும் எண்ணாதிருப்பாராக. சின்னஞ்சிறு சங்கத்தில் இப்பழக்கம் இல்லாதவர்கள் நாளை ஒரு நாட்டை ஏற்றால், எத்தனை எண்ணெய்க் கிணறு அகப்பட்டும் பயன் என்ன?