மிளகாய் இல்லாத ஒரு பந்தி



1344-ஆம் ஆண்டு நமது புத்தளக் கரையில் இறங்கிய இபுன் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராயிருந்தார். அக்காலத்து உணவை இன்று நாம் சமைத்து உண்ணலாமா? உண்ணலாம், முதலில் மிளகாயை விலக்க வேண்டும்! அது போர்த்துக்கேயர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு. மிளகுபோல் உறைத்ததால் மிளகாய் என்றோம். தக்காளியும் மரவள்ளியும் பின்வந்தவையே.

பழைய கைப்பக்குவம் பிள்ளை பெற்றவளுக்கு ஆச்சிமார் ஆக்கும் சரக்குக்கறியில் இன்றும் உயிரோடிருக்கிறது. மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி. அம்மியில் அரைத்து மண்சட்டியில் காய்ச்சுவார்கள். அளவெல்லாம் அவர்கள் கையில்தான், ஏட்டில் இல்லை. அவர்களோ ஒவ்வொருவராய் மறைந்து வருகிறார்கள்.

ஆதலால் வரும் ஆண்டுவிழா அன்னதானத்தில் ஒரு பந்தியை அவ்வாறு சமைப்போம். மீனுக்குப் பதில் வாழைக்காய் போதும். ஆச்சிமார் அடுப்படிக்குத் தலைமை தாங்கட்டும். வாலிபர் குழவி பிடிக்கட்டும், அளவை எழுதிக்கொள்ளட்டும். உப்புக்கு மட்டும் நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை!