ஏன் சொல்லத் தயங்கினார்கள்?

2018 ஜூலை 20ஆம் தேதி வெளிவந்த செய்தி சிங்கப்பூரின் செங்காங்வாசிகள் பலருக்கும் நினைவிருக்கும். சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினிக் கட்டமைப்புக்குள் யாரோ புகுந்து, ஏறக்குறைய 1.5 மில்லியன் பேரின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றை அள்ளிச் சென்றுவிட்டார்கள். அவர்களில் சுமார் 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போனது. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர். செங்காங் பலதுறை மருந்தகம் சிங்ஹெல்த்தைச் சேர்ந்தது. அடுத்த மாதமே முழுமையாகச் செயல்படத் தொடங்கிய செங்காங் பொது மருத்துவமனையும் அதே குழுமம்தான். ஆகவே இது வேறெங்கோ நடந்த கதை அல்ல. திருடியவர் யார் என்பதை இன்று விட்டுவிடுவோம். உள்ளே இருந்தவர்களுக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பின்னும் ஏன் வாய் திறக்கவில்லை என்பதுதான் வேலையிடங்களைப் பற்றி நமக்கு அதிகம் சொல்கிறது.

ஓய்வுபெற்ற மூத்த மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழு இந்தக் கேள்வியைத் துருவித் துருவிப் பார்த்தது. மருத்துவமனைகளின் கணினிகளைக் கவனித்துவந்த ஐஹிஸ் நிறுவன ஊழியர்கள், ஜூன் 11ஆம் தேதியிலிருந்தே நோயாளிகளின் தரவுத்தளத்தில் நுழைய நடந்த முயற்சிகளைக் கண்டிருந்தார்கள். தரவு வெளியேறிக்கொண்டிருந்தது ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை. அந்த 4ஆம் தேதி ஒருவர் சந்தேகப்பட்டு நிறுத்தினார். அதன் பிறகும் மூத்த நிர்வாகத்தின் காதுக்கு விஷயம் எட்ட 9ஆம் தேதி ஆனது. இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போனது 10ஆம் தேதி. பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் பொறுப்பில் இருந்த மேலாளர் விசாரணையில் சொன்ன காரணம் மிகவும் மனித இயல்பானது: மேலே சொல்லிவிட்டால் இன்னும் பல பேர் விவரம் கேட்டுத் துரத்துவார்கள், இரவு பகல் பாராமல் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கிறார். இது ஒருவரின் சோம்பல் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், நம் அலுவலகங்களில் கெட்ட செய்தி கொண்டுபோகிறவருக்கு வேறு என்னதான் கிடைக்கிறது? கியாசு (தோற்க அச்சம்), கியாசி (சாக அச்சம்) என்று இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு நாம் சிரித்துக்கொள்கிற ஊர் இது.

இன்னொரு செய்தி அதைவிட உறுத்துவது. 2014இல் அதே ஐஹிஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், இந்த விவரங்கள் இருந்த நோயாளிப் பதிவு மென்பொருளில் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி, அதை அந்த மென்பொருளைத் தயாரித்தவர்களின் போட்டி நிறுவனம் ஒன்றுக்கு மின்னஞ்சலில் தெரிவித்தார். செய்தது நெறி மீறல்தான், வேலையும் போனது. ஆனால் ஆளை அனுப்பியதோடு கோப்பு மூடப்பட்டது. அவர் சொன்ன ஓட்டை உண்மையில் இருக்கிறதா என்று எவரும் சரிவர ஆராயவில்லை. யார் குற்றவாளி என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், என்ன கோளாறு என்ற கேள்வி அநாதையாகிவிடுகிறது. பழி சொல்வதில் எனக்குள்ள பெரிய குறை அது கொடுமையானது என்பதல்ல, அது விசாரணையைப் பாதியிலேயே முடித்துவிடுகிறது என்பதே.

ஆளைத் தேடாமல் கோளாறைத் தேடும் வழியும் உண்டு. லீன் என்று இன்று அழைக்கப்படும் நிர்வாக முறையின் வேர் ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில் இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறு கண்டால் ஆண்டன் எனப்படும் எச்சரிக்கையை எழுப்பலாம். குழுத்தலைவர் வந்து பார்ப்பார்; உடனே தீராவிட்டால் வரிசை நிற்கும். "ஏன்" என்று அடுத்தடுத்து ஐந்து முறை கேட்கும், அந்த ஆலைகளின் உற்பத்தி முறையை வடிவமைத்த தைச்சி ஓனோவின் வழக்கமும் அங்கிருந்து வந்ததே. சிங்ஹெல்த் கதையில் அப்படிக் கேட்டுப் பாருங்கள். ஏன் தாமதம்? மேலாளர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? எது 'பாதுகாப்புச் சம்பவம்' என்பதே அவருக்குத் தவறாகப் புரிந்திருந்தது. ஏன்? ஊழியர்களுக்குப் போதிய விழிப்புணர்வோ பயிற்சியோ இல்லை என்பது விசாரணைக் குழுவின் முதல் கண்டறிவு. மூன்றாவது கேள்வியிலேயே தனிமனிதர் மறைந்து அமைப்பு தெரியத் தொடங்குகிறது. கடவுச்சொல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே இரண்டு எழுத்து மாற்றிக் கடவுச்சொல்லாக வைத்திருந்த நிர்வாகக் கணக்கும் அந்த அமைப்பில்தான் இருந்தது.

தண்டனையே இல்லாவிட்டால் யார் பயப்படுவார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விசாரணைக் குழுவும் தனிமனிதர்களை விட்டுவிடவில்லை. முக்கியப் பொறுப்பில் இருந்த சிலர் உரிய நேரத்தில் செயல்படவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. 2019 ஜனவரியில் ஐஹிஸ் இருவரைப் பணிநீக்கம் செய்தது. தலைமை நிர்வாகி உட்பட மூத்த நிர்வாகிகள் ஐவருக்கு அபராதம் விதித்தது. இங்கே பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: அதே நாற்காலியில், அதே பயிற்சியுடன் வேறொருவரை உட்காரவைத்தால் அவரும் இதையேதான் செய்திருப்பாரா? நீக்கப்பட்ட இருவர் மேலும் இருந்த குற்றச்சாட்டு, கவனக்குறைவும் உத்தரவைப் பின்பற்றாததும். அதற்குத் தண்டனை பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர்களில் ஒருவரான அந்த மேலாளர் மேல் கூடவே சொல்லப்பட்டது தவறான புரிதல். பயிற்சி தராத நிறுவனம் புரியாதவரை அனுப்பிவிட்டால், அடுத்து வருபவருக்கு மட்டும் எப்படிப் புரியும்? மேலிருப்பவர்களுக்கு விதித்த அபராதம் அந்த வகையில் சரியான முகவரிக்குப் போன கடிதம். தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் ஐஹிஸ்மீது 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்மீது 250,000 வெள்ளியும் அபராதம் விதித்தபோதும் பொறுப்பு நிறுவனத்தின் வாசலில்தான் வைக்கப்பட்டது.

அதே ஜனவரியில் ஐஹிஸ் இன்னொன்றும் செய்தது. அதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. தங்கள் வேலையின் வரம்பைத் தாண்டி விழிப்புடன் செயல்பட்டதற்காக ஊழியர்கள் மூவரைப் பாராட்டியது. தகுதியான பாராட்டுதான். ஆனால் சந்தேகம் வந்தால் நிறுத்துவதும் சொல்வதும் ஏன் வேலையின் வரம்புக்கு வெளியே இருந்தன? டொயோட்டா ஆலையில் அது ஒரு நாளில் பலமுறை நடப்பது. எச்சரிக்கையை எழுப்புகிறார்கள், குழுத்தலைவர் வருகிறார், சரிசெய்கிறார்கள், வரிசை மறுபடி ஓடுகிறது.